பலாப்பழம் முடித்துவைத்த சோலாப்பூர் பயணம்

எங்கள் வட்டாரத்தில் 'ஏறுங்க' அண்ணனின் மோட்டார் சைக்கிளில் பின்னால் உட்காராதவர்கள் இரண்டே வகை. ஒன்று, இன்னும் பிறக்காதவர்கள். இன்னொன்று, அவருடைய மனைவி.

பெற்றோர் வைத்த பெயர் ரேஷன் கார்டில் பத்திரமாக இருக்கிறது. ரோட்டோரம் யார் நின்றாலும் வண்டியை நிறுத்தி அவர் சொல்லும் ஒரே வார்த்தை 'ஏறுங்க' என்பதால், அதுவே பெயராக ஒட்டிக்கொண்டது. திருவரங்குளத்தில் நான் வேலை பார்த்த அலுவலகத்தில் அவர் பம்ப் மெக்கானிக். பக்கத்து ஊரில் கைப்பம்பு பழுது என்று காலையில் கிளம்புவார். வழியில் காலி மீன்கூடையோடு யாராவது நிற்பார்கள். அண்ணன் கட்டுமாவடி கடற்கரை வரை போய் இறக்கிவிட்டுச் சாயங்காலம் ஆபீசுக்குத் திரும்புவார். பம்ப் அப்படியே கிடக்கும். அவர் மேல் மட்டும் மீன் வாடை அடிக்கும்.

ஏறச் சொன்னால் ஏறித்தான் ஆகவேண்டும். ஒருமுறை தன் வீட்டு வாசலில் பல் துலக்கிக்கொண்டு நின்ற வாத்தியார் ஒருவரிடம் 'ஏறுங்க' என்றிருக்கிறார். வாய் நிறைய நுரை. மறுப்புச் சொல்ல வழியில்லாமல் அவரும் ஏறிவிட்டார். ஆலங்குடியில் இறங்கி, டீக்கடையில் வாய் கொப்பளித்து, பஸ் பிடித்து வீடு வந்து சேர்ந்தார்.

அண்ணி சந்தைப் பையோடு நின்றுகொண்டிருந்தால், அவருக்குப் பக்கத்தில் நிற்கும் முன்பின் தெரியாத ஆளைத்தான் அண்ணன் முதலில் ஏற்றுவார். "ஒனக்குப் பஸ் வந்துரும்" என்பார். "இவுகளக் கட்டிக்கிட்டதுக்குப் பதிலா ரோட்டுல போய் நின்னுருந்தா, தெனமும் வண்டியில போயிருப்பேன்" என்று அண்ணி என்னிடம் சொல்லியிருக்கிறார். சிரிக்காமல்தான் சொன்னார்.

அண்ணனுக்குப் பஸ் ஆகாது. ஏறி உட்கார்ந்து, கண்டக்டர் விசில் கொடுத்தாலே குமட்டும். ரயிலும் அப்படித்தான். அதனால்தான் சோலாப்பூரிலிருந்து அந்த போன் வந்தபோது, மோட்டார் சைக்கிளில் கிளம்புகிறேன் என்று நின்றார்.

சோலாப்பூரில் அவருடைய தம்பி முத்து இட்லிக் கடை வைத்திருந்தார். இருவருக்கும் பல வருஷமாகப் பேச்சு கிடையாது. போன் செய்தது முத்துவின் கடைச் சமையல்காரர். முத்துவுக்குச் சிறுநீரகம் இரண்டும் போய்விட்டது, ரத்தம் சுத்தம் செய்துதான் நாள் ஓடுகிறது, அண்ணனிடம் சொல்லக்கூடாது என்று முத்து சத்தியம் வாங்கியிருக்கிறார், ஆனால் தனக்கு மனசு கேட்கவில்லை என்று அழுதிருக்கிறார்.

மகாராஷ்டிரா வரை இவரைத் தனியாக அனுப்ப எனக்குப் பயம். லீவு போட்டுவிட்டு என் வண்டியில் நானும் கிளம்பினேன். இலுப்பூர் வழியாக விராலிமலை போய்ப் பெரிய ரோட்டைப் பிடிப்பதாகத் திட்டம். புறப்படும் முன் ஒரே ஒரு வேண்டுதல் வைத்தேன்.

"அண்ணே, தம்பிய உசுரோட பாக்கணும்னா இந்தப் பயணத்துல மட்டும் யாருக்காகவும் நிக்காதீங்க."

அவர் துண்டை எடுத்து ஹேண்டில்பாரைத் துடைத்தார்.

"ஆத்தா செத்தன்னைக்குக் கொள்ளி வைக்க வேண்டியவன் அவந்தான். தாய்க்கு இளையவன்தானே வைக்கணும்? வந்துக்கிட்டுத்தான் இருந்தான். பொழுது எறங்குது, எடுத்துருவோம்னு பெரியவுக சொன்னாக. நானே வச்சுட்டேன். அவன் இந்த ரோட்டு முக்கத்துல பஸ் இல்லாம நின்னுருக்கான். கை காட்டி, காட்டிப் பாத்துருக்கான். ஒரு வண்டியும் நிக்கல. ஓடியே வந்தான். வந்து பாத்தா எரியுது. 'எனக்காகக் கொஞ்ச நேரம் காத்திருக்க ஒனக்கு முடியலையா?'ன்னு கேட்டான். அம்புட்டுத்தான். அப்புடியே திரும்பிப் போயிட்டான்."

வண்டியை ஸ்டார்ட் செய்துகொண்டே சொன்னார்: "ரோட்டுல யாரு நின்னாலும் எனக்கு அவன் நிக்கிற மாதிரிதான் தெரியுது தம்பி. என்ன பண்ணச் சொல்ற?"

நானும் என் வண்டியை ஸ்டார்ட் செய்தேன்.

புதுக்கோட்டையைத் தாண்டியதும் ஓர் அம்மாள் பெரிய பலாப்பழத்தோடு நின்றிருந்தார். இலுப்பூரில் கட்டிக்கொடுத்த மகளுக்கு எடுத்துப் போகிறாராம். நான் ஹாரன் அடித்துப் பார்த்தேன். அண்ணன் "ஏறுங்க" என்றார். இலுப்பூர் கடைவீதியில் வண்டியை நிறுத்தி, ஸ்டாண்டு போடாமல் இடது காலை ஊன்றிக்கொண்டு நின்றார். அந்த அம்மாள் இறங்கி, சேலையைச் சரிசெய்ய ஒரு நிமிஷம் பழத்தை சீட்டில் வைத்தார். அது உருண்டு, ஊன்றியிருந்த பாதத்தின் மேல் விழுந்தது. அண்ணன் அலறிப் பிடியை விட, வண்டி அதே கால் மேல் சாய்ந்தது.

"ஐயோ, எம் பழத்தால இப்படி ஆயிருச்சே!" என்று அந்த அம்மாள் தலையில் அடித்துக்கொண்டார்.

"பழத்துக்கு ஒண்ணும் ஆகலையே?" என்று கேட்டார் அண்ணன், தரையில் கிடந்தபடி.

ஆஸ்பத்திரியில் டாக்டர் எக்ஸ்ரே படத்தைப் பார்த்துக் கணுக்கால் முறிந்திருப்பதாகச் சொன்னார். "எப்படி விழுந்தீங்க?" என்றார். "நான் விழுகலைங்க, பழந்தான் விழுந்துச்சு" என்றார் இவர். சோலாப்பூருக்குக் கிளம்பிய பயணம் இலுப்பூரோடு முடிந்தது. மாவுக்கட்டு போட்ட பிறகுதான் அண்ணன் அழுதார். "இந்தத் தடவையும் அவனுக்கு நான் இல்லாமப் போயிட்டேனே" என்று சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். வலிக்காக அவர் அழவில்லை.

நான் வெளியே வந்து சமையல்காரருக்கு போன் போட்டு நடந்ததைச் சொன்னேன். மறுமுனையில் ஏதோ சலசலப்பு. யாரோ போனைப் பிடுங்கினார்கள். "அண்ணன்ட்ட குடுங்க" என்றது ஓர் இளைத்த குரல். ஓடிப்போய்க் கொடுத்தேன். ஸ்பீக்கரில் கேட்டது.

"பலாப்பழமா விழுந்துச்சு?"

"ஆமாடா."

விட்டுவிட்டு மூச்சுச் சத்தம் வந்தது. அது சிரிப்பா அழுகையா என்று எனக்குப் பிடிபடவில்லை.

"நீ வர வேணாம். நான் வாரேன். இந்தத் தடவயாச்சும் காத்திருப்பியா?"

"இருக்கேன்டா. எம்புட்டு நேரமானாலும் இருக்கேன்."

டாக்டர்களிடம் பேசி, ஒருமுறை ரத்தம் சுத்தம் செய்துகொண்டு, சமையல்காரரின் துணையோடு முத்து ரயிலேறினார். அவர் வந்து சேரும் நாளில் அண்ணன் விடியற்காலையிலேயே ரோட்டு முக்கத்துக்கு நாற்காலியைத் தூக்கிப் போகச் சொல்லிவிட்டார். கட்டுப்போட்ட காலை ஒரு செங்கல் மேல் நீட்டியபடி வெயிலில் உட்கார்ந்திருந்தார். அண்ணி கொண்டுவந்த சாப்பாட்டைத் தொடவில்லை. நான்தான் முத்துவைப் புதுக்கோட்டை ரயில் நிலையத்திலிருந்து என் வண்டியில் கூட்டிவந்தேன். மெலிந்து, கறுத்து, கண்கள் மட்டும் அண்ணனுடையவை. இறங்கியதும் அந்தக் கட்டைத் தொட்டுப் பார்த்தார். "சாப்புட்டியாண்ணே?" என்றார். "இல்லடா" என்றார் அண்ணன். அண்ணி ஒரே இலையில் இருவருக்கும் பரிமாறினார்.

முத்து திரும்பிப் போகவில்லை. புதுக்கோட்டையிலேயே சிகிச்சை தொடர்ந்தது. கால் சரியான பிறகு அண்ணன்தான் தன் வண்டியில் ஒவ்வொரு முறையும் கூட்டிப்போய் வந்தார். ஒரு வருஷம் போல இருந்துவிட்டு, ஒரு மழைநாளில் முத்து போய்விட்டார்.

அன்று வழக்கம்போலப் பெரியவர்கள் கூடினார்கள். பொழுது இறங்குகிறது, எடுத்துவிடலாம் என்றார்கள். கடையைப் பார்த்துக்கொள்ளத் திரும்பிப் போயிருந்த சமையல்காரர் சோலாப்பூரிலிருந்து வந்துகொண்டிருந்தார். அண்ணன் தம்பியின் தலைமாட்டில் உட்கார்ந்துகொண்டு, அசையவில்லை.

"அந்தப் புள்ள வரட்டும். கூட இருந்து பாத்தவன் மொகத்தப் பாத்துட்டுப் போகட்டும். அதுவரைக்கும் யாரும் தொடக்கூடாது."

ஊரே சடைத்துக்கொண்டது. அவர் அசைந்து கொடுக்கவில்லை. மறுநாள் அந்தச் சமையல்காரர் வந்து முத்துவின் காலைப் பிடித்துக்கொண்டு அழுது முடித்த பிறகுதான் தூக்கினார்கள்.

எனக்கும் வயதாகிறது. என்றைக்காவது ஒருநாள் என்னையும் எடுத்துப் போவார்கள். எவ்வளவு அவசரம் என்றாலும், அண்ணன் வந்து சேர்ந்த பிறகுதான் எடுக்க வேண்டும் என்று வீட்டில் சொல்லி வைத்திருக்கிறேன்.