உள்ளேயா, வெளியேயா?

"சார், நீங்க இப்ப உள்ள இருக்கீங்களா, வெளிய இருக்கீங்களா?"

"வீட்டுக்குள்ளதான்யா இருக்கேன்! நான் எங்க இருந்தா உனக்கென்ன?" என்று போனில் அலறினார் டிரைவிங் ஸ்கூல் வாத்தியார். எதிரே மனைவியின் கம்ப்யூட்டர் ஒரு ஃபைல்கூட இல்லாமல் பளிச்சென்று இருந்தது.

"உள்ள இருந்தா பயமே இல்ல சார். ரீஸ்டார்ட் கொடுங்க. பதறாதீங்க. மெதுவா, மெதுவா."

பேசியவர் கம்ப்யூட்டர் கடைக்காரர். வாத்தியாரிடம் கார் ஓட்டக் கற்பவர். தினமும் அவரைப் பார்த்து 'மெதுவா, மெதுவா' என்று கத்துவது வாத்தியார்தான். இன்று அது வட்டியும் முதலுமாகத் திரும்பி வந்தது.

ஆசை என்னவோ சின்னதுதான். ஒரு பழைய லாரி விளையாட்டு. நாள் முழுக்க அடுத்தவர் ஓட்டும் வண்டிக்குப் பிரேக் போட்டே பிழைப்பவருக்கு, அதில் லாரியைச் சுவரில் மோதி ஓட்டுவது தனி சுகம். இப்போதைய கம்ப்யூட்டரில் அது ஓடாது. "கம்ப்யூட்டருக்குள்ளயே இன்னொரு கம்ப்யூட்டர் வைக்கிற சாஃப்ட்வேர் இருக்கு சார். பழைய சிஸ்டத்தை அதுக்குள்ள போட்டுக்கலாம்" என்று கடைக்காரர்தான் ஆசை காட்டியிருந்தார்.

மனைவியோ இரண்டு மாதமாக அறைக்கதவைச் சாத்திக்கொண்டு ஒரு கம்ப்யூட்டர் கையேட்டை மொழிபெயர்க்கிறாள். "இதுல கை வச்சீங்க, அவ்வளவுதான்" என்று எச்சரித்துவிட்டுத்தான் மூக்குக்கண்ணாடி வாங்கக் கிளம்பினாள். அவள் தெருமுனை தாண்டுவதற்குள் வாத்தியார் கை வைத்துவிட்டார்.

சாஃப்ட்வேர் ஒழுங்காகத்தான் ஏறியது. குட்டிக் கம்ப்யூட்டர் ஒரு சின்னக் கட்டத்துக்குள் திறந்தது. எழுத்து பொடியாக இருக்கிறதே என்று அதைப் பெரிதாக்கினார். திரை முழுக்கப் பரவிக்கொண்டது. பழைய சிஸ்டத்தைப் போடும்போது அது ஒரு கேள்வி கேட்டது: 'டிஸ்க்கில் உள்ள அனைத்தும் அழிக்கப்படும். சம்மதமா?'

கேட்டதற்கெல்லாம் சம்மதம் சொல்லிப் பழகிய விரல், இதற்கும் சொல்லிவிட்டது.

இப்போது கடைக்காரர் சொன்னபடி ரீஸ்டார்ட் கொடுத்தார். அதே காலித்திரை திரும்ப வந்தது. கையேட்டின் பெயரைப் போட்டுத் தேடினார். 'எதுவும் கிடைக்கவில்லை' என்றது. குப்பைத்தொட்டியைத் திறந்தார். அதிலும் ஒன்றுமில்லை. அவருக்குக் காதுவரை சூடேறியது. தலை நரைத்த வயதில் லாரி விளையாட ஆசைப்பட்டு, பெண்டாட்டி ராப்பகலாக உழைத்த உழைப்பைத் துடைத்தெறிந்தாயிற்று. எந்த முகத்தை வைத்துக்கொண்டு அவள் முன்னால் நிற்பது?

அவளுக்கு அவகாசமாவது வாங்கித் தரலாம் என்று, கையேட்டு வேலையைக் கொடுத்த பதிப்பகத்து அம்மாவுக்குப் போன் போட்டார்.

"மேடம், அவளுக்கு நாலு நாளா கடுமையான காய்ச்சல். அந்த வேலை கொஞ்சம் தாமதமாகும்."

"காய்ச்சலா? அய்யய்யோ! எந்த வே..."

அதற்குமேல் பொய் சொல்லத் தெம்பில்லாமல் போனை வைத்துவிட்டார்.

புதுக் கண்ணாடியோடு மனைவி உள்ளே வந்ததும், கேட்பதற்கு முன்பே எல்லாவற்றையும் கொட்டிவிட்டார். லாரி, சம்மதம், காய்ச்சல், ஒன்றையும் விடவில்லை. "என்னைத் திட்டு, நாலு வார்த்தை கேளு. மனுஷனா நான்?" என்றார்.

அவள் திரையைப் பார்த்தாள். மவுஸை மேலே கொண்டுபோய் ஓர் அழுத்து அழுத்தினாள். காலித்திரை சுருங்கி மறுபடி சின்னக் கட்டமானது. பின்னால் அவளுடைய ஃபைல்கள் அத்தனையும் அப்படியே இருந்தன. ஓரத்தில் பாதியில் நின்ற சீட்டாட்டம் ஒன்றும் எட்டிப்பார்த்தது. அதைச் சட்டென்று மூடினாள்.

"குட்டிக் கம்ப்யூட்டரோட டிஸ்க்கைத்தான் அழிச்சிருக்கீங்க. அதுல முன்னாடியும் ஒண்ணுமில்ல. நீங்க உள்ள இருந்துக்கிட்டே வெளியன்னு நினைச்சிருக்கீங்க."

வாத்தியாருக்குப் போன உயிர் திரும்பியது. வெட்கம் மட்டும் போகவில்லை.

"உன் உழைப்போட அருமை தெரியாம நடந்துக்கிட்டேன். என்ன செய்யணும்னு சொல்லு."

அவள் பெருமூச்சு விட்டாள். "இந்த ரெண்டு மாசமா சமையல், துணி, பாத்திரம் எல்லாம் நீங்கதான் பாத்துக்கிறீங்க. வேலை முடியற வரைக்கும் அப்படியே பாத்துக்கங்க. போதும்."

"ஒரு வருஷமானாலும் பாத்துக்கிறேன்!" என்றார். மனதாரத்தான் சொன்னார்.

வாசல்மணி அடித்தது. கை நிறையப் பழங்களோடு பதிப்பகத்து அம்மா நின்றார். வாத்தியார் கைகூப்பினார்.

"மன்னிச்சிடுங்க மேடம், காய்ச்சல்னு சொன்னது பொய். ஆனா அவ ராத்திரி பகலா உழைக்கிறது நிஜம். இன்னும் ஒரு மாசம் டைம் கொடுங்க."

பதிப்பகத்து அம்மா இருவரையும் மாறிமாறிப் பார்த்தார்.

"எதுக்குங்க டைம்? கையேட்டைத்தான் போன மாசமே முடிச்சுக் கொடுத்துட்டாங்களே!"