சத்தமில்லாத கிரைண்டர்

சத்தமே போடாத ஒரு கிரைண்டரை உலகத்துக்குத் தந்துவிடுவது என்று முடிவுசெய்திருந்தேன். கணபதிப் பகுதியில் ஒரு கிரைண்டர் கம்பெனியில் நான் புராடக்ட் மேனேஜர். வாடிக்கையாளருக்கு என்ன தேவை என்பதை அவருக்கு முன்பே தெரிந்துகொள்வது என் வேலை.

சோதனைக்குச் சில வீடுகளில் கொடுத்துப் பார்த்தோம். எல்லோரும் "நல்லாருக்குதுங்க" என்றார்கள். மெசின் தீப்பிடித்தாலும் எங்கள் ஊரில் அப்படித்தான் சொல்வார்கள். என் வீட்டில் மட்டும் மனைவி லோகப்பிரியா அதன்மேல் வெங்காயக் கூடையை வைத்துவிட்டு, கல்யாணச் சீரில் வந்த பழைய கிரைண்டரிலேயே மாவாட்டினாள்.

முதலாளி நஞ்சுண்டனுக்குத் தெரிந்துவிட்டது. "உங்க ஊட்லயே ஓடாததை ஊருக்கு எப்படிங்க விக்கறது? நாளைக்குக் காரணத்தோட வாங்க. இல்லீன்னா மாடலை நிறுத்திப்போடலாம்."

என் இரண்டு வருட உழைப்பு. விடாமல் "ஏன்" கேட்டால் அடியில் தேவை கிடைக்கும் என்பது எங்கள் தொழில்முறை. அன்று மாலையே ஆரம்பித்தேன்.

"புதுசு ஏன் அம்மணி புடிக்கல?"

"சத்தமே இல்லீங்க."

"அதானே அதோட பெருமை!"

"பெருமையை நீங்களே வெச்சுக்குங்க."

"சத்தம் ஏன் வேணும்?"

"பல்லடத்து ஊடு ஞாபகம் இருக்குதுங்களா?"

இருந்தது. புதிதாகக் கல்யாணமானவர்கள் பேச மூலையில்லாத கூட்டுக் குடும்பம். சாயங்காலம் அவள் கிரைண்டரைப் போடுவாள். நான் தண்ணீர் குடிக்க அடுக்களைக்குப் போவேன். நான் குடித்த தண்ணீரில் அமராவதி அணை ஓரடி இறங்கியிருக்கும். உளுந்து நுரைக்கும் வாசத்தில், கல் உருளும் சத்தத்தில், ஊட்டிப் பயணம் முதல் தனிக்குடித்தனம் வரை அங்கேதான் பேசி முடித்தோம். கூடத்தில் அம்மா ஒன்றும் தெரியாமல் கீரை ஆய்ந்துகொண்டிருப்பாள்.

"புரிஞ்சுபோச்சு அம்மணி. நமக்கு அந்தச் சத்தம்தான் கதவு. வாடிக்கையாளரோட தேவை தனிமை!"

"தனிமையாவது ஒண்ணாவது. சும்மா இருக்கறப்ப நீங்க வாய்க்குள்ளயே பேசுவீங்க. கிரைண்டர் ஓடினாத்தானுங்க கத்துவீங்க. தனியாப் போயிரலாம்னு நீங்க சொல்றது அத்தைக்குக் கேக்கோணுமில்லீங்க?"

"இப்பத்தான் அம்மா இங்க இல்லையே?"

"பக்கத்து ஊட்டு ஹுமேரா இருக்காங்களே. இனி ஞாயித்துக்கிழமை சமையல் உங்களுதுன்னு நேத்துக் கத்தினீங்கல்ல, அதைக் கேட்டுட்டுச் சாப்பிட வர்றாங்க."

மறுநாள் காரணத்தைச் சொன்னேன். நஞ்சுண்டன் எழுந்து அறைக் கதவைச் சாத்தினார்.

"மெதுவாச் சொல்லுங்க," என்றார். "எங்க ஊட்லயும் பழசுதானுங்க ஓடுது."