புல்லுக்கு ஒதுக்கிய ஜன்னல்

மாமனிதர்களுக்கெல்லாம் சிலை வைத்த உலகம், கோதுமைப்புல்லுக்கு ஒன்று வைக்காமல் விட்டது மாபெரும் வரலாற்றுப் பிழை. இது மேலாளரின் கருத்து. ஆகவே அலுவலகம் முழுவதன் கருத்தும் அதுவே.

அந்தக் காப்பீட்டு அலுவலகத்தில் தபால் பிரிவைக் கவனித்தவரை எல்லாரும் 'தபால் அக்கா' என்பார்கள். ஊழியர் நலனுக்காக அவசரக் கூட்டம் போட்டு, டீ ஒழிக்கப்பட்டு, தினமும் காலையில் ஆளுக்கொரு சின்னக் கிளாஸ் கோதுமைப்புல் சாறு என்று 'ஏகமனதாக' முடிவானபோது அவரும் கை தூக்கினார். தூக்காதவர்கள் யார் யாரென்று மேலாளர் பார்த்துக்கொண்டிருந்தார்.

புல் வளர வெயில் வேண்டும். வெயில் வரும் ஒரே ஜன்னல் அக்காவின் மேசைக்குப் பக்கத்தில் இருந்தது. மறுநாளே மேசை, லிஃப்டுக்குப் பின்னாலுள்ள பழைய கோப்பு அறைக்குக் குடிபெயர்ந்தது. ஜன்னலோரம் புல் தட்டுகள் 'பொறுப்பேற்றன'. காற்று வேண்டுமே என்று அக்காவின் மேசை விசிறியும் அவற்றுக்கே போனது. புல்லின் அருகே யாரும் உரக்கப் பேசக் கூடாது என்று சுற்றறிக்கை வந்தது. முதல் தளிர் எட்டிப் பார்த்த அன்று மேலாளருக்குப் புல்லரித்தது. அப்படியொரு மரியாதை அங்கே எந்த ஊழியருக்கும் கிடைத்ததில்லை.

அக்கா மூக்கைப் பிடித்துக்கொண்டு சாற்றைத் தவறாமல் குடித்தார். டியூப்லைட் வெளிச்சத்தில் கவர்களைப் பிரித்துப் பிரித்து, சில மாதங்களில் இடுப்பும் முழங்காலும் குடையத் தொடங்கின. டாக்டர் ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு, "உடம்புல வெயிலே படறதில்லையாம்மா?" என்றார்.

அக்கா மேலாளரிடம் போனார்.

"சார், ஜன்னலோரத்துல கொஞ்சம் இடம் குடுங்க. வெயில் படணும்னு டாக்டர் சொல்றாரு."

"வெயிலா? அதைத்தானேம்மா தினமும் குடிக்கிறீங்க! புல்லு வெயிலைச் சாப்பிடுது, நீங்க புல்லைச் சாப்பிடுறீங்க. வெயிலு கிளாஸ்லயே உங்களைத் தேடி வருது!"

"அப்போ முட்டி ஏன் சார் வலிக்குது?"

"உள்ள இருக்கிற கெட்டதெல்லாம் வெளிய போகுதும்மா."

வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து யாரையும் எதிர்த்துப் பேசாத அக்கா, அன்றும் பணிவாகவே கேட்டார். "அப்படின்னா சார், என்னைத் தபால் பிரிவுல இருந்து ஜன்னலுக்கு மாத்திருங்க. புல்லாவே வேலை பாக்கறேன்."

மேலாளர் இந்தக் கோரிக்கையையும் நிர்வாகக் கண்ணோடு பரிசீலித்தார். "கஷ்டம்மா. புல்லுன்னா வளர வளர அறுத்து, சொட்டு விடாம பிழிஞ்சிருவோம். தாங்குவீங்களா?"

"அது இப்பவே நடக்குதே சார்," என்றார் அக்கா. "வெயில்தான் கிடைக்கல."