ஐயய்யோ அக்காவும் மூடிக் கிடந்த கிணறும்

அவரைவிடப் பயந்த மனுஷியை மதுரை கண்டதில்லை. தமிழ்நாடு முழுக்கச் சல்லடை போட்டுத் தேடினாலும் இன்னொருவர் கிடைக்கமாட்டார். தலைக்கு மேல் விமானம் போனால் அது அவனியாபுரம் பக்கத்து விமான நிலையத்தில் ஒழுங்காக இறங்குமா என்று இவர் கவலைப்படுவார். யாராவது தேங்காய் உடைத்தால் ஓடு தெறிக்குமென்று கண்ணை மூடிக்கொள்வார். இவ்வளவு பயத்தையும் வைத்துக்கொண்டு அவர் செய்த தொழில், கண்ணாடி வளையல் வியாபாரம். எந்தப் பேச்சையும் ‘ஐயய்யோ’வில்தான் தொடங்குவார் என்பதால் கடைத்தெருவே அவரை ‘ஐயய்யோ அக்கா’ என்றது. சொந்தப் பெயர் எனக்கு இன்றுவரை தெரியாது.

மாசி வீதியிலிருந்து பிரியும் ஒரு சந்தில் அவர் கடை. தெருக்களுக்கு மரமும் நிழலும் தண்ணீர்ப் போக்கும் வடிவமைக்கிற படிப்பு என்னுடையது. அந்தப் பழைய தெருவைச் சீரமைக்கும் வேலை என் தலையில் விழுந்தது. நான் தனியாகப் பொறுப்பேற்ற முதல் வேலை. தார் மேல் தார் போட்டுத் தெரு உயர்ந்து, கடைகளெல்லாம் பள்ளத்துக்குள் போயிருந்தன. கொஞ்சம் பலமாக மழை பெய்தால் தண்ணீர் வாடிக்கையாளரைப் போல நேராகக் கடைக்குள் வரும். தாரைச் சுரண்டித் தெருவைத் தாழ்த்த வேண்டும். இடுக்கு விட்டுக் கல் பதித்து மழையை மண்ணுக்குள் இறக்க வேண்டும். வண்டிகளை வெளியே நிறுத்திவிட்டுப் புங்க மரங்கள் நட வேண்டும். தெருக்கோடியில் கற்பலகை போட்டு மூடியிருந்த பொதுக் கிணற்றைத் திறந்து, வடிகட்டிய மழைநீரை அதில் சேர்க்க வேண்டும். இதுதான் திட்டம்.

கடைக்காரர்கள் கூட்டத்தில் வரைபடத்தை விரித்து விளக்கினேன். எல்லோரும் தலையாட்டினார்கள். அக்கா எழுந்தார்.

“ஐயய்யோ, மரம் வச்சா நிழல் விழும்.”

“நிழலுக்குத்தானே அக்கா வைக்கிறோம்?”

“நிழல் விழுந்தா பெஞ்சு போடுவீக. பெஞ்சுல காதலிக்கிற பிள்ளைக வந்து உக்காரும். அதுகளைத் தேடி அப்பன்காரன் அருவாளோட வருவான். அவன் வீசுற வீச்சுல என் வளையலு என்னத்துக்கு ஆகும்?”

கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. சிரித்து முடித்ததும் ஆளாளுக்குக் கொஞ்சம் யோசித்ததையும் பார்த்தேன். பயம் ஜலதோஷம் மாதிரி, ஒருவரிடமிருந்து இன்னொருவருக்கு ஒட்டிக்கொள்ளும். பாத்திரக்கடைக்காரர், வண்டி வராவிட்டால் வியாபாரம் படுத்துவிடும் என்று ஆரம்பித்தார். ஜவுளிக்கடைக்காரர், மரத்து வேர் தன் சுவரைத் தள்ளிவிடும் என்றார். ஒப்பந்தக்காரரான கோரிப்பாளையத்துப் பாய் என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

“இந்தக்கா இன்னும் நாலு வார்த்தை பேசுச்சுன்னா, நானே பயந்துபோய் மிஷினத் தூக்கிட்டுப் போயிருவேம்மா.”

வேலை நின்றுவிடுமோ என்று எனக்குச் சோறு இறங்கவில்லை. பெஞ்சுகளை வரைபடத்திலிருந்து எடுத்தேன். மரங்களைச் சுவர்களிலிருந்து தள்ளி நகர்த்தினேன். ஒருவழியாக வேலை தொடங்கியது.

கிணற்றைத் திறந்த அன்று எனக்கே கொஞ்சம் கலக்கமாகத்தான் இருந்தது. பாயின் ஆட்கள் கடப்பாரை போட்டுப் பலகையை நெம்பினார்கள். பல வருஷங்களாக அடைபட்டிருந்த காற்று சில்லென்று முகத்தில் அடித்தது. ஒரு கல்லைப் போட்டேன். சத்தமே இல்லை. வெகுநேரம் கழித்து, கீழே யாரோ ‘ம்’ கொட்டியது போலக் கேட்டது. திரும்பிப் பார்த்தால் அக்கா கடையின் ஷட்டரை இறக்கிவிட்டுத் தெருவின் மறுமுனையில் நின்றார்.

மறுநாளிலிருந்து அவர் கிணற்றுக்குச் சற்றுத் தள்ளி ஸ்டூல் போட்டு உட்கார்ந்துகொண்டார். தானும் கிட்டே வரமாட்டார், மற்றவர்களையும் விடமாட்டார். நாய் போனால் “ஐயய்யோ!” கீரைக்காரம்மா போனால் “ஐயய்யோ!” நான் போனால் தொடர்ந்து நாலைந்து.

“ஆழம்னாலே எனக்கு ஆகாது தாயி. நீ என்னடான்னா எட்டி எட்டிப் பாக்குற!”

சீக்கிரமே தெரு அந்தச் சத்தத்துக்குப் பழகிவிட்டது.

ஒரு மத்தியானம் வானம் கறுத்துக் கொட்டத் தொடங்கியது. கிணற்றின் கைப்பிடிச் சுவர் அப்போது பாதிதான் எழுந்திருந்தது. மேலே போட வேண்டிய கம்பி மூடியும் வந்திருக்கவில்லை. ஆட்கள் டீக்கடையில் ஒதுங்கியிருந்தார்கள். கடைகளில் ஷட்டரை இறக்கிவிட்டார்கள். புது வாய்க்காலில் தண்ணீர் அழகாக ஓடிவந்து, கிணற்றை ஒட்டியிருந்த வடிகட்டும் தொட்டியின் வாயில் நின்றுவிட்டது. பாலித்தீன் பைகள் அடைத்துக்கொண்டிருந்தன. தண்ணீர் ஏறி ஜவுளிக்கடைப் படியைத் தொட்டது. முதல் மழையிலேயே கடைகள் நனைந்தால் திட்டம் அன்றோடு முடிந்தது. ஓடிப்போய்க் குனிந்து பைகளை இழுத்தேன்.

களிமண்ணில் கால் வழுக்கியது. பிடித்துக்கொண்ட சுவரில் சிமெண்டு காயவில்லை. செங்கல் வரிசை அப்படியே என்னோடு பெயர்ந்தது. விளிம்புக் கல்லில் கை மாட்டியபோது உடம்பு கிணற்றுக்குள் தொங்கிக்கொண்டிருந்தது. கீழே செங்கற்கள் விழுகிற சத்தம் தாமதமாக வந்தது.

“ஐயய்யோ!”

இந்த முறை அது காதருகிலேயே கேட்டது. அக்கா சேற்றில் குப்புறப் படுத்து, என் மணிக்கட்டுகளை இரண்டு கையாலும் பிடித்திருந்தார்.

“அக்கா, விட்ருங்க, நீங்களும் விழுந்துருவீக!”

“ஐயய்யோ, விழத்தான் போறோம்! ஐயய்யோ, ரெண்டு பேரும் சாகத்தான் போறோம்!”

சொல்லச் சொல்லப் பிடி இறுகியதே தவிர தளரவில்லை. டீக்கடை கூப்பிடு தூரம்தான். ஒருவரும் வரவில்லை. அந்தத் தெருவில் அக்கா கத்துவது ஒரு செய்தியா? நான் மெல்ல மெல்லச் சரிந்தேன். அவரும் என்னோடு இழுபட்டார். அவர் தலை விளிம்பைத் தாண்டியது. நேர் கீழே இருந்த இருட்டை அவர் பார்த்ததை நான் பார்த்தேன். கண்கள் அகல விரிந்தன. பிறகு பல்லைக் கடித்துக்கொண்டார். வாயிலிருந்து ஒரு சத்தமும் வரவில்லை. மழை மட்டும் இரைந்தது.

திடீரென்று ஓடிவருகிற காலடிகள். பாயும் ஆட்களும் அக்காவின் காலைப் பிடித்து இழுக்க, அவரோடு சேர்ந்து நானும் மேலே வந்தேன்.

“யா அல்லா!” என்று பாய் சேற்றிலேயே உட்கார்ந்துவிட்டார். “அக்கா கத்துன வரைக்கும் நிம்மதியா டீ குடிச்சோம்மா. சத்தம் பட்டுனு நின்னு போச்சு பாருங்க, அப்பத்தான் ஈரக்குலை நடுங்கிருச்சு. ஓடியாந்தோம்.”

அக்காவின் கையில் ஒரு வளையல்கூட மிச்சமில்லை. எல்லாம் நொறுங்கிச் சதையில் ஏறியிருந்தன. அப்போதுதான் அவர் தன் கையைப் பார்த்தார்.

“ஐயய்யோ, ரத்தம்!” என்றவர் என் மடியில் மயங்கி விழுந்தார்.

ஆட்கள் அடைப்பை எடுத்ததும் தண்ணீர் மளமளவென்று வடிந்தது. ஜவுளிக்கடை தப்பியது, என் வேலையும் தப்பியது. கையில் கட்டோடு வந்து அக்கா பிடிவாதம் பிடித்ததால், கிணற்றுக்கு ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு கம்பி மூடிகள் போட்டோம். இன்று அந்தச் சந்தில் புங்க நிழல் விழுகிறது. ஜனங்கள் ஹாரன் தொல்லையில்லாமல் நடக்கிறார்கள். கால் வலித்தால் அக்கா கடைப் படியில் உட்காருகிறார்கள். உட்கார்ந்தவர்கள் வளையல் வாங்காமல் எழுந்திருப்பதில்லை.

நான் இப்போது வேறு ஊரில் வேலை பார்க்கிறேன். மதுரையில் மேகம் திரண்டால் என் போன் அடிக்கும்.

“ஐயய்யோ தாயி, மழை வருது. நீ எங்கன இருக்க?”

“ஆபீஸ்ல அக்கா. இங்க வெயில் அடிக்குது.”

“இருக்கட்டும், வெளிய போகாத.”

அவர் வைக்கச் சொல்லும்வரை போனை வைப்பதில்லை. வெளியே வெயில் கொளுத்தினாலும், அக்கா சொன்ன சொல்லுக்காகக் கொஞ்சநேரம் உள்ளேயே இருப்பேன்.