நாலு எலுமிச்சம்பழ வண்டி

ஒரு காட்டில் ஒரு கரடி இருந்தது. கொஞ்சம் படித்த கரடி, அதனால் முட்டாள்தனமும் கொஞ்சம் அதிகம். பெயரைச் சொல்லாமலே கதையை நகர்த்திவிடலாம் என்றுதான் பார்த்தேன். பாதியில் நீங்களே கண்டுபிடித்துவிடுவீர்கள் என்பதால் இப்போதே சொல்லிவிடுகிறேன். அந்தக் கரடி நான்தான். பெயர் அடைக்கலம். மலைத்தேன் கூட்டுறவுச் சங்கத்தில் எழுத்தர்.

அதே சங்கத்தில் மாசிலாமணி என்று ஒரு கீரி வேலை பார்த்தான். பதினோரு வருடமாக நாங்கள் இருவரும் ஒரே பழைய காரில்தான் வேலைக்குப் போய் வந்தோம். ஒரு நாள் அவன் ஓட்டுவான், மறுநாள் நான். மூன்று கிலோமீட்டர் தூரம். வழியில் யானைக் கூட்டம் சாலையைக் கடக்கும். யானைக்கு யார் ஹார்ன் அடிப்பது? கடைசிக் குட்டி கடந்து முடிக்கும்வரை உட்கார்ந்து ஊர்வம்பு பேசுவோம்.

ஒரு நாள் அந்தக் கார் படுத்துவிட்டது. ஆளுக்கொரு புது வண்டி வாங்குவது என்று முடிவு செய்தோம். வினை அங்கேதான் ஆரம்பித்தது.

எங்கள் காட்டில் சாரையார் என்று ஒரு பாம்பு இருந்தார். கார்களை அலசி வீடியோ போடுவது அவர் தொழில். ஆக்சிலேட்டரை மிதிக்க அவருக்குக் கால் கிடையாது, ஸ்டியரிங்கைப் பிடிக்கக் கையும் கிடையாது. ஆனால் எந்த வண்டியை ஓட்டினால் சுகம் என்று அவரைப்போல அடித்துச் சொல்ல யாராலும் முடியாது. இரண்டு மாதம் சோறு தண்ணி இல்லாமல் அவருடைய வீடியோக்களைப் பார்த்தேன். அதில் இரண்டு கட்சி இருந்தது. எஞ்சினின் இழுவை முன்சக்கரம் இரண்டுக்கு மட்டும் போகும் வண்டி ஒரு கட்சி. நான்கு சக்கரத்துக்கும் போகும் வண்டி இன்னொரு கட்சி. நான் நான்கு சக்கரக் கட்சியில் சேர்ந்தேன்.

"நாம எத்தனை காலால நடக்கிறோம்? நாலு. அப்ப வண்டியும் நாலாலதான் நடக்கணும்," என்றேன் மாசிலாமணியிடம்.

"இழுக்க ரெண்டு போதும்யா. பின்னாடி ரெண்டும் சும்மா கூட வந்தா வண்டி பூ மாதிரி இருக்கும். மூக்கு போன பக்கம் உடம்பு வரும். கீரி ஓடுறதை நீ பாத்ததே இல்லையா?"

பக்கத்தில் நின்ற முயல், பின்காலால் தள்ளுகிற வண்டிதான் உயர்ந்தது என்றது. அதை யாரும் சட்டை செய்யவில்லை.

வீட்டில் என் மனைவி தேனரசி ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். "மூணு கிலோமீட்டர் போறதுக்கு எதுக்குங்க நாலு சக்கரமும் இழுக்கணும்?"

"பாதுகாப்பு," என்றேன். நான் ஆசைப்பட்ட எதை வாங்கினாலும் வீட்டில் அதற்கு அந்தப் பெயர்தான் சொல்வேன்.

நாங்கள் வாங்கியது ஒரே மாடல், ஒரே தேன் நிறம். உள்ளேயும் வெளியேயும் ஒரே அச்சு. எனக்கு நான்கு சக்கர இழுவை, அவனுக்கு முன்சக்கர இழுவை. அவ்வளவுதான் வித்தியாசம். நல்ல நேரம் ஒன்றே ஒன்றுதான் இருந்ததால் இருவரும் ஒரே காலையில் டெலிவரி எடுத்தோம். பூசை போட கொக்குப் பூசாரி வந்தார். புது வண்டி என்றால் சக்கரத்துக்கு ஒரு எலுமிச்சம்பழம், ஆக நான்கு வைத்து நசுக்கித்தான் கிளப்புவது எங்கள் வழக்கம்.

"என் வண்டிக்கு முன்சக்கரம் ரெண்டுக்கு மட்டும் வைங்க சாமி," என்றான் மாசிலாமணி. "பின்சக்கரம் எந்த வேலையும் செய்யப் போறதில்ல. அதுக்கு எதுக்குப் பழம்?"

கொக்கு ஒற்றைக்காலில் நின்று, கண்ணை மூடிக்கொண்டு இதைக் கேட்டார். பிறகு ஒரு வண்டிக்கு நாலும் மற்றதற்கு இரண்டும் வைத்தார். இரண்டு வண்டிகளும் சிவப்புத் துணி போர்த்தி, மாலை போட்டு நின்றன. நம்பர் பலகையும் இன்னும் வந்திருக்கவில்லை. ஷோரூம் மான் ஓடி வந்து, எது யாருடையது என்று தெரியாமல் விழித்து, கடைசியில் குனிந்து சக்கரத்தடியைப் பார்த்தது.

"நாலு பழம் கரடி சாருக்கு. ரெண்டு பழம் கீரி சாருக்கு!"

சாவிகளை வாங்கிக்கொண்டோம். எல்லோரும் கைதட்டினார்கள். டெலிவரி எடுக்கும்போது, வண்டிக்கு வண்டி மாறும் சேசிஸ் எண்ணை ரசீதோடு சரிபார்க்க வேண்டும் என்று சாரையார் ஒரு வீடியோவில் சொல்லியிருந்தாராம். அந்த இடத்தை நான் பார்க்காமல் தள்ளிவிட்டேன். அதற்கு அடுத்தபடியாக 'ஓட்டும் சுகம்' என்ற பகுதி இருந்தது.

அடுத்த எட்டு மாதம் எனக்குத் தரையில் கால் படவில்லை. பின்பக்கக் கண்ணாடியில் பெரிய '4' ஸ்டிக்கர் ஒன்றை வாங்கி நானே ஒட்டினேன். வளைவில் திரும்பும்போதெல்லாம், யாரோ இடுப்பில் கை வைத்துத் தள்ளுவதுபோல ஒரு உந்துதல் வரும்.

"பாரு தேனு, பின்சக்கரம் தள்ளுது!"

"பின்சீட்டுக்கு அடியில தேன் கேன் உருளுதுங்க," என்பாள் தேனரசி. அவளுக்கு ரசனை போதாது என்று நினைத்துக்கொண்டேன்.

மாசிலாமணியோ தன் வண்டி காற்றாகப் பறக்கிறது என்று சங்கம் முழுக்கச் சொல்லித் திரிந்தான். வாக்குவாதம் முற்றி, டீ குடிப்பதுகூடத் தனித்தனி என்றாகிவிட்டது. காலையில் யானைகள் கடக்கும்போது இரண்டு தேன் நிற வண்டிகளும் பக்கத்துப் பக்கத்தில் நிற்கும். கண்ணாடியை ஏற்றிவிட்டு இருவரும் நேரே பார்ப்போம். யானைக்குப் பின்னால் தனியாக உட்கார்ந்திருப்பது போன்ற கொடுமை வேறில்லை. ஆனால் அதை ஒத்துக்கொண்டால் முன்சக்கரம் ஜெயித்ததாக ஆகிவிடுமே.

கடைசியில் சாரையாரே ஒரு போட்டி வைத்தார். முதல் மழை பெய்த மறுநாள், வழுக்குப்பாறை மேட்டில் யார் முதலில் ஏறுகிறார்களோ அவர் கட்சி வென்றது. தோற்றவன் ஒரு வருடம் தன் வண்டியை எடுக்கக்கூடாது. ஜெயித்தவன் வண்டியில் இடப்பக்கம் உட்கார்ந்து வேலைக்குப் போக வேண்டும். அந்த ஒரு வருடமும் வண்டியைப் பற்றி ஒரு வார்த்தை பேசக்கூடாது. ஸ்டியரிங் போனாலும் போகட்டும், கருத்துச் சொல்லக்கூடாது என்றால் நான் எப்படி உயிரோடு இருப்பேன்?

போட்டி நாளில் காடே திரண்டுவிட்டது. நடுவர், சீட்டுக் குலுக்கிப் பெயர் விழுந்தவரின் வண்டியில் உட்கார்ந்து வர வேண்டும் என்பது விதி. விழுந்தது மாசிலாமணி பெயர். கீரியின் வண்டியில் ஏற மனமில்லாத சாரையார் விதியை மாற்றி, மேட்டு உச்சியில் ஒரு மரத்தில் சுற்றிக்கொண்டார். என் வண்டியில் தேனரசி ஏறினாள்.

விசில் அடித்ததும் நான்தான் முந்தினேன். பாதி மேட்டில் சேறு. வண்டி முக்கியது, முனகியது, நின்றுவிட்டது. ஆக்சிலேட்டரை மிதித்த மிதியில் எஞ்சின் அலறியதே தவிர ஒரு அங்குலம் நகரவில்லை. தள்ளுவதற்காகத் தேனரசி இறங்கிப் பின்னால் போனாள்.

"என்னங்க, பின்சக்கரம் ரெண்டும் சும்மா நிக்குது. முன்னாடி ரெண்டுதான் சுத்துது."

"சரியாப் பாரு!"

"உக்காந்து பாத்துட்டுதான் சொல்றேன்."

நான் தலையை ஜன்னலுக்கு வெளியே நீட்டினேன். அந்த நேரம் மாசிலாமணி வண்டி என்னைத் தாண்டி ஏறியது. அதன் பின்சக்கரம் சேற்றை வாரி என் முகத்தில் அறைந்தது. சும்மா கூட வரும் சக்கரம் சேறு வாராது. இழுக்கிற சக்கரம்தான் வாரும்.

கண்ணைத் துடைப்பதற்குள் எல்லாம் புரிந்துவிட்டது. கொக்கு பழத்தை மாற்றி வைத்திருக்கிறார். அவன் ஓட்டிப் போவது என் வண்டி. நான் எட்டு மாதமாகச் சுகம் கண்டது அவன் வண்டியில்.

"முன்சக்கரம் வென்றது!" என்று மரத்தில் இருந்து அறிவித்தார் சாரையார். கூட்டம் ஆர்ப்பரித்தது.

"போய்ச் சொல்லுங்க," என்றாள் தேனரசி. "நாலு சக்கரந்தான் ஜெயிச்சிருக்கு. நீங்க சொன்னதுதான் சரி."

"சொன்னா, எட்டு மாசமா எந்தச் சக்கரம் இழுக்குதுன்னுகூட எனக்குத் தெரியலைன்னு ஆயிடும்."

"தெரியலைதானே?"

யோசித்துப் பார்த்தேன். உண்மையைச் சொன்னால் என் கொள்கை ஜெயிக்கும், நான் கோமாளி ஆவேன். சொல்லாவிட்டால் கொள்கை தோற்கும், நான் வெறுமனே தோற்றவன். எனக்குக் கொள்கையைவிட என்னைத்தான் அதிகம் பிடிக்கும். முகத்துச் சேற்றோடு மேடேறிப் போய் மாசிலாமணிக்குக் கை கொடுத்தேன்.

மறுநாளில் இருந்து அவன் வண்டியில், அதாவது என் வண்டியில், இடப்பக்கம் உட்கார்ந்தேன். 'கரடி கற்ற பாடம்' என்று சாரையார் வீடியோ போட்டார். அதைப் பார்த்துக் காட்டில் நான்கு சக்கரம் வைத்திருந்த அத்தனை பேரும் முன்சக்கரத்துக்கு மாறினார்கள். அடுத்த மழையில் ஓடை பெருகி நேர்வழி அடைபட, எல்லோரும் வழுக்குப்பாறை மேட்டு வழியாகத்தான் போக வேண்டியிருந்தது. பாதி மேட்டில் வரிசையாக நின்றார்கள். கரடி கற்ற பாடத்தால் சேற்றில் நின்றவர்கள். எனக்கு வெட்கமாகத்தான் இருந்தது. இறங்கித் தள்ளும் அளவுக்கு இல்லை. நாங்கள் மட்டும் அவர்களைத் தாண்டி ஏறினோம்.

"பாத்தியா? முன்சக்கரம்னா இதான்!" என்றான் மாசிலாமணி. "இவங்களும் முன்சக்கரந்தானே வச்சிருக்காங்க, ஏன் ஏறலை தெரியுமா? ஓட்டத் தெரியணும்யா."

நான் பல்லைக் கடித்துக்கொண்டேன். பந்தயம் பந்தயம்தான்.

என் வீட்டில் நின்ற வண்டியைத் தேனரசி எடுத்துக்கொண்டாள். முதல் நாளே தேன் கேனைக் கயிறு போட்டுக் கட்டினாள். எந்தச் சக்கரம் இழுக்கிறது என்று ஒரு நாளும் கேட்டதில்லை. பாட்டுப் பாடிக்கொண்டு ஓட்டுகிறாள். எங்கள் காட்டில் வண்டி ஓட்டிச் சுகம் கண்ட ஒரே ஆள் அவள்தான் என்று எனக்குச் சந்தேகம்.

நேற்றோடு அந்த ஒரு வருடம் முடிந்தது. இன்று காலை மாசிலாமணி சாவியை என்னிடம் நீட்டினான்.

"இன்னிக்கு நீ ஓட்டுய்யா."

என் வண்டியை நான் முதல்முதலாக ஓட்டினேன். வளைவுகளில் கண்ணைச் சுருக்கி, இடுப்பைத் தளர்த்தி, நான்கு சக்கரமும் இழுப்பதை உணரப் பார்த்தேன். ஒன்றும் தெரியவில்லை. கார், கார் மாதிரி போனது. யானைகள் வந்தன. நிறுத்தினேன்.

"எப்படிய்யா இருக்கு?" என்றான் அவன்.

ஒரு வருடத்துப் பேச்சையும் கொட்டிவிட வாயைத் திறந்தேன். உண்மையைச் சொல்லிவிட்டால் அவன் வண்டி அவனுக்கு, என் வண்டி எனக்கு. நாளைக் காலை இதே இடத்தில் ஆளுக்கொரு கண்ணாடியை ஏற்றிவிட்டு நேரே பார்த்துக்கொண்டிருப்போம். ஒரு வருடமாக இந்த யானைகளுக்குப் பின்னால் அவன் சொன்ன வம்புகளை நினைத்தேன். நரி வீட்டுக் கல்யாணப் பேச்சு இன்னும் பாதியில் நிற்கிறது.

"முன்சக்கரமும் மோசமில்லைய்யா," என்றேன்.

அவனுக்குக் கண் கலங்கிவிட்டது. "இப்பவாவது ஒத்துக்கிட்டியே! நாளைக்கும் நீயே ஓட்டு," என்றான். பிறகு நரி வீட்டுக் கதையை விட்ட இடத்தில் இருந்து ஆரம்பித்தான்.

*

நீதி: வண்டி எடுக்கும் நாளில் எலுமிச்சம்பழத்தை எண்ணாமல் சேசிஸ் எண்ணைப் பார்க்க வேண்டும். அன்றைக்குப் பார்க்காதவன் அப்புறம் ஆயுளுக்கும் பார்க்கக்கூடாது.