சிக்னல் கிடைக்கும் கடல்

பதின்மூன்று தீவுகளை ஆண்டுவந்த ஓர் அரசருக்குத் திடீரென்று ஒரு மனக்குறை வந்தது. சும்மா பரம்பரை அரசர் அல்ல. ஐந்தாண்டுக்கு ஒருமுறை தேர்தலில் நின்று ஜெயிக்கிற அரசர். பக்கத்து நாட்டு அதிபர் ஒரு விருந்தில், "எங்கள் மக்களில் எண்பது சதவீதம் பேருக்கு இணையம் உண்டு. உங்கள் நாட்டில் எப்படி?" என்று கேட்டுவைத்தார். அரசருக்கு அதன்பிறகு சாப்பாடு இறங்கவில்லை. மறுநாளே, நூறு நாளில் நூறு சதவீதம் என்று ஆணை பிறந்தது.

கடைசித் தீவான சங்குத்தீவிலும் கோபுரம் எழுந்தது. உச்சியில் அலைவாங்கியைப் பொருத்தும் நாளில், சகல திக்கு இணைப்புத் துறை அமைச்சர் நேரில் வந்திருந்தார்.

"ஐயா, ஊரைப் பார்த்துத்தானே திருப்பணும்?" என்று கேட்டார் பொறியாளர்.

"ஊர் எந்தப் பக்கம்?"

"இந்தப் பக்கம். அரண்மனை அந்தப் பக்கம், கடலுக்கு அப்பால்."

அமைச்சர் திடுக்கிட்டார். அரசருக்கு யாரும் முதுகு காட்டக் கூடாது என்பது அந்நாட்டுச் சம்பிரதாயம். தர்பாரிலிருந்து வெளியேறுபவர்கள் பின்னோக்கியே நடந்து, தூணில் மோதிக்கொண்டுதான் வெளியேறுவார்கள்.

"அரசாங்கக் கோபுரம் அரசருக்கு முதுகு காட்டுவதா? அரண்மனையை நோக்கித் திருப்புங்கள்!"

திருப்பினார்கள். அரண்மனைத் தீவைத் தவிர மற்றப் பன்னிரண்டிலும் அப்படியே திருப்பினார்கள். சிக்னல் முழுவதும் ஊருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு போய், நடுக்கடலில் விழுந்தது.

சங்குத்தீவில் பிலோமி என்றொருத்தி இருந்தாள். பத்தொன்பது வருடங்களாகத் தீவின் வயர்லெஸ் பெட்டி அவள் பொறுப்பில்தான் இருந்தது. புயல் வருகிறதா, படகு திரும்பவில்லையா, யாருக்காவது உடம்புக்கு முடியவில்லையா, எல்லாம் அவள் குரல் வழியாகத்தான் தலைநகருக்குப் போகும். கோபுரம் எழுந்த வாரமே ஓர் ஆய்வாளர் வந்து, இணையம் பெற்ற தீவுக்கு வயர்லெஸ் அவமானம் என்று சொல்லி, பெட்டியின் சுவிட்சில் அரக்கு முத்திரை வைத்துவிட்டார். முத்திரையை உடைத்தால் ஏழு வருடம் சிறை.

 பிலோமியின் தங்கை ஜெசிந்தா நிறைமாதம். முதல் பிள்ளை, ஆஸ்பத்திரிப் படகு வரத் தாமதமாகி, பிறந்த அன்றே போய்விட்டது. இந்தப் பிள்ளையையும் கடலைப் பார்த்துக்கொண்டே பறிகொடுக்கப் பிலோமி தயாராக இல்லை.

சிக்னலைச் சோதிக்க வந்த அதே ஆய்வாளரின் கைபேசி தீவில் எங்கேயும் முனகக்கூட இல்லை. திரும்பும் வழியில், கரையிலிருந்து முக்கால் மணி நேரத் தொலைவில், நாலு கோடும் எழுந்து நின்றது. மனிதர் கெட்டிக்காரர். அந்த இடத்தில் ஒரு மிதவையைப் போட்டுவிட்டு, "சங்குத்தீவில் சிக்னல் சிறப்பு" என்று எழுதிக்கொண்டு போனார். மற்றத் தீவுகளிலும் அவர் வைத்துவிட்டுப் போனது இதே முத்திரை, இதே மிதவை.

அடுத்த ஆணை வந்தது. ரேஷன் அரிசிக்கு இனி இணையத்தில் கைரேகை வைக்க வேண்டும். ஆகவே ரேஷன் கடை ஒரு படகில் ஏறி மிதவைக்குப் போனது. அரிசி நாளன்று ஊரே படகேறி, நடுக்கடலில் வரிசையில் நின்றது. வயதானவர்கள் அலையில் வாந்தியெடுத்துக்கொண்டே பெருவிரலை நீட்டினார்கள். ஈரவிரலை இயந்திரம் ஏற்க மறுத்தது.

பிலோமி மிதவைக்குப் போய் ஆஸ்பத்திரிப் படகின் எண்ணை அழைத்துப் பார்த்தாள். முதலில் அரசர் பேசினார். பதினோரு நிமிடம் பேசினார். அவர் முடித்ததும் ஒரு பெண்குரல், "உங்கள் கோரிக்கை பதிவானது. நான்கு வேலை நாட்களில் படகு வரும்" என்றது.

"வேலை நாள் பாத்தா பிள்ள பொறக்கும்?" என்று கத்தினாள் பிலோமி. அதற்கு எந்த எண்ணை அழுத்த வேண்டும் என்று குரல் சொல்லவில்லை.

கரையில் சிக்னல் இல்லை என்று ஊரார் கையெழுத்துப் போட்டு மனு அனுப்பினார்கள். அரசவை மூன்று நாள் கூடி ஆராய்ந்தது. மனுவில் நியாயம் இருப்பதாக ஒப்புக்கொண்டது. சிக்னல் இல்லாத நிலம் இருக்கும்வரை நூறு சதவீதம் வராதே! ஆகவே ஆய்வாளர் மறுபடி வந்து, கரையில் புதிய ஆணையை ஒட்டினார். பிலோமி எழுத்தெழுத்தாக அதைப் படித்தாள்.

"ஐயா, இதுல என்ன சொல்லியிருக்கு?"

"சங்குத்தீவு என்றால் இனி மிதவையைச் சுற்றியுள்ள கடற்பரப்பு மட்டுமே. சிக்னல் எட்டாத நிலம் நாட்டின் பகுதி அல்ல."

"அப்ப நாம நிக்கிற இந்த மண்ணு?"

"நேற்று மாலை ஆறு மணி முதல் வெளிநாடு."

 பிலோமி வீட்டுக்குப் போய், வயர்லெஸ் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து அவர் காலடியில் வைத்தாள்.

"இந்த முத்திரைய இங்க வச்சு நான் உடைச்சா, எந்தச் சட்டத்துல பிடிப்பீங்க?"

ஆய்வாளர் கையிலிருந்த சட்டப் புத்தகத்தை முன்னும் பின்னும் புரட்டினார். வியர்த்தது. "வெளிநாட்டில் நடப்பது எங்கள் துறையில் வராது" என்றார் கடைசியில்.

அவள் கருங்கல்லால் ஒரே போடு போட்டாள். அரக்கு சிதறியது.

முத்திரை உடைந்த ஒன்பதாம் நாள் பிற்பகலில் ஜெசிந்தாவுக்கு வலி கண்டது. அன்று அரிசி நாள். படகெல்லாம் மிதவையில் நின்றன, அவள் புருஷனும் அங்கேதான். பிலோமி பெட்டியை முடுக்கினாள்.  ஆஸ்பத்திரிப் படகோட்டி ராயப்பன் எடுத்தான்.

"சங்குத்தீவா? அக்கா, அந்தத் தீவு இப்ப மேப்புலயே இல்லியே!"

"மேப்புல இல்லாட்டிப் போகட்டும். கடல்ல இருக்கு. வருவியா மாட்டியா?"

"வராம? வெளிநாட்டுக்காரங்க ஆபத்துன்னு கூப்பிட்டா உடனே போகணும்னு சட்டமே இருக்கு. நம்ம நாட்டுக்காரங்கதான் பதிஞ்சுட்டுக் காத்துக் கெடக்கணும். நீங்க தப்பிச்சிட்டீங்க, இந்தா வாரேன்."

ஒன்றரை மணி நேரத்தில் படகு வந்தது. தலைநகரை எட்டுமுன்னே படகிலேயே பெண்குழந்தை பிறந்தது. நர்சு அதைத் தலைகீழாய்ப் பிடித்துத் தட்டினாள்; அது வீறிட்டது. பிலோமி வாழ்க்கையில் கேட்டதிலேயே நல்ல சத்தம் அதுதான். அக்காளும் தங்கையும் கட்டிப்பிடித்துக்கொண்டு ஓவென்று அழுதார்கள்.

ராயப்பன் வாய் சும்மா இருக்குமா? போன தீவிலெல்லாம் கதையைச் சொன்னான். மற்றத் தீவுக்காரர்களும் தங்கள் நிலத்தில் சிக்னல் இல்லை என்று மனுமேல் மனு அனுப்பினார்கள். அரசவை ஒவ்வொரு மனுவையும் மகிழ்ச்சியோடு ஏற்று, ஒவ்வொரு தீவாக வரைபடத்திலிருந்து அழித்தது. பன்னிரண்டு அழிந்து, அரண்மனைத் தீவு மட்டும் மிஞ்சிய அன்று நாடு நூறு சதவீதத்தைத் தொட்டது. வாணவேடிக்கை விட்டார்கள். பக்கத்து நாட்டு அதிபர் பாராட்டுத் தந்தி அனுப்பினார்.

அதற்குள் தேர்தல் வந்தது. அமைச்சர் சங்குத்தீவில் இறங்கி, ஜெசிந்தாவின் குழந்தையை வாங்கிக் கொஞ்சி, படமெடுத்துக்கொண்டு, வாக்குக் கேட்டார்.

"நாங்க வெளிநாட்டாளுங்க ஐயா. எங்களுக்கு ஏது ஓட்டு?" என்று குழந்தையைத் திரும்ப வாங்கிக்கொண்டாள் பிலோமி. "மிதவைகிட்டப் போய்க் கேளுங்க. அங்கதான் உங்க சங்குத்தீவு."

அமைச்சர் அப்படியே செய்தார். நடுக்கடலில் கைகூப்பி ஒன்றரை மணி நேரம் பேசினார். பன்னிரண்டு மிதவைகளிலும் வாக்குப்பெட்டி வைத்தார்கள். பன்னிரண்டிலும் அரசரே ஜெயித்தார். எதிர்த்து ஒரு வாக்கும் விழவில்லை என்று அறிவித்தார்கள்.

பிலோமி அதை வயர்லெஸில் கேட்டாள். கேட்டுவிட்டு மற்றப் பதினோரு தீவுகளையும் கூப்பிட்டாள். எல்லாப் பெட்டியிலும் இப்போது முத்திரை உடைந்திருந்தது.

"நமக்குன்னு சொந்தமா ஒரு ஆஸ்பத்திரிப் படகு வேணும். நாமளே ஓட்டுப் போட்டு முடிவு பண்ணுவோம். சம்மதமா?"

பதினோரு குரல்களும் ஒவ்வொன்றாகச் சம்மதம் என்றன. கடைசிக் குரலுக்கு மட்டும் கொஞ்சம் தயக்கம்.

"ராஜாகிட்ட ஒரு வார்த்த கேக்க வேண்டாமாக்கா?"

"எதுக்கு?" என்றாள் பிலோமி. "அவரு வெளிநாட்டுக்காரருல்லா."