தார் ரோட்டுக் களம்

திருச்செங்கோட்டுக்கும் நாமக்கல்லுக்கும் நடுவே எந்த டீக்கடையில் உட்கார்ந்தாலும், டீ வருவதற்கு முன்னால் இந்தச் சேதி வந்துவிடும்: மயில்சாமி, தன் மகளுக்கு நிச்சயம் பண்ண வந்த சம்பந்தியின் காருக்குத் தீ வைத்துவிட்டார்! சில கடைகளில் கார் மட்டும் எரிந்தது. சில கடைகளில் சம்பந்தியின் மீசையும் சேர்ந்து எரிந்தது. பரமத்திப் பக்கம் போனால் மாப்பிள்ளையே ஆஸ்பத்திரியில் கிடக்கிறார்.

நம்பாதீர்கள். நடந்த கதையே வேறு. ஆனால் அதற்கு முன்னால் மயில்சாமி என்ன ஜாதிப் பிராணி என்பது உங்களுக்குத் தெரிய வேண்டும்.

'ரோடு உங்கப்பன் ஊட்டுச் சொத்தா?' என்று கேட்கிற ஒரு இனம் உண்டு. எதிர்வீட்டு ராசப்பன் ரோட்டோரப் புளியமரத்தில் எருமையைக் கட்டினால் போதும், மயில்சாமி துண்டை உதறித் தோளில் போட்டு, செருப்பைத் தேடி மாட்டி, நாலு பேர் கூடும்வரை பொறுமையாகக் காத்திருந்து, "ஏன்டா ராசப்பா, ரோடு உங்கப்பன் ஊட்டுச் சொத்தா?" என்று கேட்டு, அதோடு விடாமல் பஞ்சாயத்து ஆபீசுக்கு 'பொதுமக்கள் சார்பாக' என்று மனுவும் எழுதிப் போட்டுவிட்டுத்தான் சோறு தின்பார். அந்தப் பொதுமக்களில் ராசப்பன் கிடையாது.

சரி, கொள்ளு அறுவடை வந்தால்?

அதே ரோட்டில், அதே புளியமரத்திலிருந்து தன் வீட்டு வாசல்வரை, மூன்று ஏக்கர் கொள்ளுச் செடியை முழங்கால் உயரத்துக்குப் பரப்பிவிடுவார். வண்டிக்காரன் ஓரமாக ஒதுங்கித் தப்பிவிடக் கூடாதே? இரண்டு பக்கமும் கல். போகிற லாரி, வருகிற பஸ் எல்லாம் அவருக்குக் கதிர் மிதிக்கிற பிணை மாடு. சர்க்கார் எதற்குத் தார் ஊற்றியது என்று நினைத்தீர்கள்? லோடு லாரி ஏறினால் நாலு மிதி, பஸ் ஏறினால் ரெண்டு மிதி என்று அவரிடம் கணக்கே உண்டு. சைக்கிள்காரனைக் கண்டால்தான் ஆகாது. "காத்துக்குப் பொறந்தவனாட்டம் வாரான் பாரு! எறங்கித் தள்ளிக்கிட்டுப் போடா, கொள்ளு கலையுது!" என்பார்.

நெடுஞ்சாலைக்காரர்கள் 'சாலையில் கதிர் காயப்போடுவது குற்றம்' என்று ஒரு பலகை நட்டுவிட்டுப் போனார்கள். மயில்சாமி அதை மதிக்கவில்லை என்று யாரும் சொல்ல முடியாது. மத்தியானச் சோற்றுத் தூக்குப்போசியை அதன் நிழலில்தான் வைப்பார்.

இப்படியிருக்க, எழுபத்தொன்பதாம் வருஷம் தை மாதம், ஒரு வெள்ளிக்கிழமை, மகள் வசந்தாமணிக்கு நிச்சயம். ஏற்கெனவே இரண்டு இடம் கை நழுவிப் போயிருந்தது. மூன்றாவதாக வாய்த்தது சங்ககிரி அங்கமுத்துவின் மகன். பத்தரைக்கு ராகு காலம். அதற்குள் தட்டு மாற்றியாக வேண்டும்; தப்பினால் அவ்வளவுதான், "சகுனம் சரியில்லீங்க" என்று போய்விடுவார்கள் என்று தரகர் சொல்லியிருந்தார்.

காலையிலேயே பாவாயி புருஷனைப் பிடித்துக்கொண்டாள். "ஏனுங்க, இன்னைக்கு ஒரு நாளாச்சும் ரோட்ட உடுங்க."

"போடி கூறு கெட்டவளே! சம்பந்தி மூணு டாக்சி கொண்டு வாராரு. மூணும் சும்மாவா போவோணும்?"

பெண் கொடுக்கப் போகிற இடத்து வண்டியையும் மிதிக்கு விடலாம் என்று இந்த உலகத்தில் வேறு யாருக்காவது தோன்றியிருக்குமா? அன்றைக்கு ஒரு அடி கூடுதலாகவே பரப்பினார்.

பத்து மணிக்கு முதல் டாக்சி வந்தது. கொள்ளின் மேல் ஏறியது. பாதி தூரம் நீந்தியது. அப்புறம் செடியெல்லாம் அடியில் சுழலும் ராடில் கயிறு திரித்த மாதிரி சுற்றிக்கொள்ள, கருகின வாடையும் புகையுமாக முக்கி முனகி நின்றது. பின்னால் வந்த இரண்டும் நின்றன. அவற்றுக்குப் பின்னால் ஒரு பஸ்.

புகையைக் கண்டு புது வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மயில்சாமி ஓடினார். டிரைவர் குடத்துத் தண்ணீரை ஊற்றிக்கொண்டிருந்தார். மயில்சாமி எதை இழுத்தார் என்கிறீர்கள்? காரைச் சுற்றிக் கிடந்த கொள்ளை.

அங்கமுத்து இருமிக்கொண்டே இறங்கினார். "எந்தப் பரதேசிடா ரோட்டுல இதப் போட்டவன்? ரோடு அவனப்பன் ஊட்டுச் சொத்தா?"

எங்கேயோ கேட்ட குரலாக இல்லை?

மயில்சாமி மனசுக்குள் கணக்குப் போட்டார். என்னுடையது என்றால் சம்பந்தம் போச்சு. சட்டென்று துண்டை உதறினார். "அதானுங்க மச்சான், கேக்கறதுக்கு ஆளில்லீங்க! நானும் எத்தன மனுப் போடறது?"

எதிரே எருமையைப் பிடித்து நின்ற ராசப்பன் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தான்.

"ஓகோ, கேப்பாரில்லாத சரக்கா?" என்ற அங்கமுத்து டிரைவரைத் திரும்பிப் பார்த்தார். "எல்லாத்தையும் வாரி வயக்காட்டுல போட்டு ஒரு குச்சியக் கிழிச்சுப் போடுப்பா. அப்பத்தான் புத்தி வரும்."

டிரைவர் ஒரு கட்டுச் செடியை அள்ளிவிட்டார். தீப்பெட்டியும் வெளியே வந்தது. மயில்சாமி வீட்டைப் பார்த்தார். வாசலில் பட்டுச்சேலையில் வசந்தாமணி. கொள்ளைப் பார்த்தார். மறுபடி மகளைப் பார்த்தார். குச்சி உரசுகிற சத்தம் கேட்டது.

"அய்யோ, வேண்டாமுங்க! மூணு ஏக்கரா வெள்ளாமைங்க அது!"

பஸ்ஸில் அழுத குழந்தைகூட நிறுத்திவிட்டது.

அங்கமுத்து மயில்சாமியை மேலும் கீழும் பார்த்தார். குனிந்து ஒரு பிடி அள்ளி, உள்ளங்கையில் கசக்கி, ஊதி, நாலு மணியைப் பல்லில் கடித்தார்.

"இது உங்களுதா மச்சான்? காய்ச்சல் பத்தல. எங்கூரு ரோட்டுல ரெண்டு நாள் போடுவோம். சோளத்த இன்னைக்கும் போட்டுட்டுத்தான் வாரேன். கல்லு இன்னும் கிட்டத்துல வைக்கோணுமுங்க, இல்லீன்னா லாரிக்காரன் ஒதுங்கிருவான்."

"அப்படிங்களா!" என்ற மயில்சாமிக்குக் கண் கலங்கிவிட்டது. தன் இனத்தைச் சந்திப்பதென்றால் சும்மாவா?

மணி பத்தே கால். தட்டு, பழம், புடவையெல்லாம் கடைசி டாக்சியில். அதை இறக்கித் தூக்கி, கொள்ளில் நீந்தி வீடு சேர்ந்து, சபை கூட்டி உட்காருவதற்குள் ராகு வந்துவிடும். "இங்கியே மாத்திக்கலாமுங்க," என்றார் அங்கமுத்து. நட்ட நடு ரோட்டில், கொள்ளின் மேலேயே ஜமக்காளத்தை விரித்தார்கள். இதற்குள் இந்தப் பக்கம் மூன்று பஸ், அந்தப் பக்கம் பதினோரு லாரி. கண்டக்டர் விசில் ஊதி ஊதி வாய் வலித்துக் கத்தினார்: "யோவ், ரோடு உங்கப்பன் ஊட்டுச் சொத்தாய்யா?"

சம்பந்திகள் இருவரும் ஒன்றாகத் திரும்பினார்கள். "சித்தெ இருய்யா! நல்ல காரியம் நடக்குதுல்ல?"

வசந்தாமணி தாயின் காதில் சொன்னாள்: "ஏம்மா, பொருத்தம் எனக்கும் அவருக்குமா, இவிங்க ரெண்டு பேருக்குமா?"

பத்து இருபத்தெட்டுக்குத் தட்டு மாறியது.

இதைப் படித்துச் சிரிக்கிற நீங்கள் ரோட்டில் கொள்ளுப் போடாதவர்தான், தெரியும். பஸ் ஜன்னல் வழியாகத் துண்டை வீசி இடம் பிடித்ததில்லை, அல்லவா? அடைத்த ரயில்வே கேட்டுக்கு அடியில் சைக்கிளைச் சாய்த்து நுழைந்ததில்லை? நுழைந்த பிறகு, பின்னால் நுழைந்தவனைப் பார்த்து "அவசரத்தப் பாரு" என்று சொன்னதுமில்லை? நல்லது. எதற்கும் வீட்டில் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

காருக்குத் தீ வைத்தீரா என்று மயில்சாமியையே டீக்கடையில் வைத்துக் கேட்டுவிட்டார்கள். அவர் தம்ளரை ணங்கென்று வைத்தார்.

"ஆரு வெச்சது தீ? என்ர கொள்ளு அதும்பாட்டுக்கு ரோட்டுல செவனேன்னு கெடந்துச்சு. அது மேல காரைக் கொண்டாந்து உட்டது அவிங்க!"